நான் காலியாக விட்ட சதுரம்

இன்று காலை ஆம்லெட் போட உடைத்த நாட்டுக்கோழி முட்டையில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. கடுகை விடச் சற்றே பெரியது. இருபது வருடங்களுக்கு மேலாக விலங்கியல் நடத்துகிறவளுக்கு அது கரு இல்லை என்று தெரியும். முட்டை உருவாகும்போது ஏதோ ஒரு சின்ன ரத்தக்குழாய் உடைந்து விட்டுப்போன கறை, அவ்வளவுதான். கரண்டி முனையால் எடுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம். நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். பிறகு பள்ளிக்கு விடுப்பு சொன்னேன். உனக்கு எழுத வேண்டியதை ஒன்றரை மாதமாகத் தள்ளிப்போட்டு வருகிறேன். இனியும் தள்ளினால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

நீ போய் ஐந்து வருடம் ஆகிறது. செத்துப்போனவர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்களைப் பார்த்து நாம் இருவரும் சேர்ந்து சிரித்திருக்கிறோம். இப்போது நானே எழுதுகிறேன், நன்றாகச் சிரித்துக்கொள். உன்னிடம் ஒரு சத்தியம் செய்து கொடுத்தேன். அதை உடைத்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எடுத்த எடுப்பில் அதைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் முட்டையிலிருந்தே தொடங்குகிறேன்.

பெரம்பலூரில் பி.எஸ்ஸி. இரண்டாம் வருடம். இன்குபேட்டரில் வைத்த முட்டைகளை நாளுக்கு ஒன்றாக உடைத்துப் பார்க்கும் செய்முறை வகுப்பு. முதல் நாள் ஒன்றுமில்லை, இரண்டாம் நாள் நூல் போல ஏதோ ஒன்று. மூன்றாம் நாள் முட்டையை நீ உடைத்தாய். மஞ்சள் கருவின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி நின்று நின்று துடித்தது. கண்ணோ காலோ இன்னும் தெரியவில்லை, அதற்குள் நெஞ்சு வேலையைத் தொடங்கிவிட்டது. "ஏய் ரீத்தா, துடிக்குதுடி! இதுக்கு யாருடி சொல்லிக் குடுத்தா?" என்று நீ போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக்காரி ஸ்லைடைக் கீழே போட்டாள். இரண்டாயிரத்து முந்நூறு வருடங்களுக்கு முன்னால் கிரேக்க நாட்டில் ஒருவர் இதே மாதிரி நாளுக்கு ஒரு முட்டை உடைத்து இதே புள்ளியைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார் என்று புத்தகத்தின் முதல் பாடத்தில் இருந்தது. கூடவே தாடியுடன் ஒரு படம். அன்றிலிருந்து அவர் நமக்குத் தாடிக்காரர்.

தாடிக்காரர் சொன்ன நான்கு காரணங்கள் தேர்வுக்கு வரும் என்று ஹாஸ்டல் மாடியில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தோம். 'ஏன்' என்று கேட்டால் அது ஒரு கேள்வி இல்லை, நான்கு கேள்வி என்பது அவர் கட்சி. எதனால் ஆனது? எது உண்டாக்கியது? எந்த வடிவம் அதை அதுவாக வைத்திருக்கிறது? எதற்காக இருக்கிறது? புத்தகத்தில் சிலையை வைத்து விளக்கியிருந்தார்கள், எனக்குத் தலையில் ஏறவில்லை. நீ அரும்பாவூர்க்காரி. உங்கள் காட்டில் சின்ன வெங்காயம் சேர்த்து வைக்கும் பட்டறையை வைத்து ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டாய். "மூங்கிலும் தென்னங்கீத்தும், ஒண்ணு. கட்டுனது எங்கப்பா, ரெண்டு. தரையிலேர்ந்து ஒசத்தி, உள்ளார காத்து பூந்து போற மாதிரி நீளமா கட்டுறது, மூணு. வெங்காயம் அழுவிப் போவாம இருக்கறதுக்கு, நாலு. இதுக்குப் போயி ஒரு கிரேக்கத்துக்காரன் வேணுமாக்கும்?" நான் இன்றைக்கும் வகுப்பில் பட்டறையைத்தான் சொல்கிறேன். பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிகிறது. யார் சொன்னது என்று மட்டும் சொல்வதில்லை.

நான்காவது கேள்வியில்தான் நமக்குள் சண்டை வரும். தாடிக்காரருக்கு முன்னாலேயே வேறொரு கிரேக்கர் இருந்தார். உயிர்களுக்குள் எதுவும் எதற்காகவும் உண்டாகவில்லை, கண்டபடி சேர்ந்தன, பொருந்தியது பிழைத்தது, பொருந்தாதது அழிந்தது என்றாராம். மழை பயிர் வளர்வதற்காகப் பெய்யவில்லை, களத்தில் காயும் தானியம் கெட்டுப்போவதற்காகவும் பெய்யவில்லை, அது பாட்டுக்குப் பெய்கிறது என்பது அந்தக் கட்சியின் வாதம். தாடிக்காரருக்கு அது பிடிக்கவில்லை. முன்பல் கடிக்கிற மாதிரியும் கடைவாய்ப்பல் அரைக்கிற மாதிரியும் தவறாமல் முளைக்கிறதே, அது எப்படித் தற்செயல் ஆகும் என்று கேட்டார். நான் தாடிக்காரர் பக்கம். நீ மழையின் பக்கம். ரோட்டில் காயப்போட்ட மக்காச்சோளம் நனைந்து முளைவிட்டதை எத்தனையோ வருடம் பார்த்தவள் நீ. "மழைக்கு நம்ம மேல என்னாடி கோவம்? அதுக்கு நம்மளத் தெரியவே தெரியாது" என்பாய். இன்றைய உயிரியல் பெரும்பாலும் உன் பக்கம்தான் நிற்கிறது. ஆனாலும் இதயம் எதற்கு, சிறுநீரகம் எதற்கு என்று கேட்காமல் எங்களால் ஒரு பாடம் கூட நடத்த முடிவதில்லை.

மூன்றாம் வருடம் மரபியல் செய்முறை. ஆளுக்கொரு குடும்ப வரைபடம் போட வேண்டும். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம், கல்யாணத்துக்கு நடுவில் ஒரு கோடு, சொந்தத்துக்குள் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு. என் படத்தில் எல்லாம் ஒற்றைக் கோடு. வரதராஜன்பேட்டைக் கத்தோலிக்கர்கள் நாங்கள், சொந்தத்தில் கட்ட வேண்டுமென்றால் ஆயரிடம் எழுதி வாங்க வேண்டும். உன் படம் முழுக்க இரட்டைக் கோடுகள். கடைசி வரிசையில் உன் வட்டத்தையும் விக்கிரமங்கலத்தில் இருந்த உன் மாமன் மகனின் சதுரத்தையும் நீயே பென்சிலில் இரட்டைக் கோடு போட்டு இணைத்து, வெட்கப்பட்டு, அழித்துவிட்டு, மறுபடி போட்டாய். "முறைய வுட்டுட்டு வெளியில குடுத்தா எங்கம்மா சோறு திங்காது" என்றாய்.

இரட்டைக் கோடு என்றால் என்ன என்று அதற்கு முந்தின வாரம்தான் படித்திருந்தோம். ஒரே குடும்பத்தில் ஒளிந்து ஓடும் ஒரு குறை இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து ஒரு பிள்ளையிடம் சேர்ந்துவிடலாம் என்று. தேர்வில் நீ என்னை விட நான்கு மதிப்பெண் அதிகம் வாங்கியது அந்தக் கேள்வியில்தான். பரிசம் போட்ட செய்தியோடு நீ ஹாஸ்டலுக்கு வந்த அன்று என் நாக்கு நுனி வரை வந்தது. ஒரு தரம் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டுக் கட்டிக்கொள் என்று சொல்லியிருக்கலாம். நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்தாய். உனக்கே தெரிந்ததை நான் என்ன சொல்வது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். கல்யாணத்துக்கு வந்து ஒரு குத்துவிளக்கைக் கொடுத்துவிட்டு, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.

முதலில் அபி பிறந்தாள். கொழுகொழுவென்று இருந்தாள், நான் பயந்தது வெறும் புத்தகப் பயம் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று வருடம் கழித்துக் கதிர். அவனுக்குப் பதினோராவது மாதம் கல்லங்குறிச்சிக் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்துவார்கள்? உன் அண்ணன் மடியில் பிள்ளை உட்கார்ந்திருந்தான். காது மடலைப் பிடித்த ஆசாரி குத்தாமல் நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா, புள்ள இப்புடி வெளுத்துக் கெடக்கு? காதுல செவப்பே இல்லியே" என்றார். உன் அத்தை, அதாவது உன் மாமியார், நல்ல நேரம் போகிறது என்று அதட்டினார். குத்தினார்கள். கதிர் அழுவதற்குக் கூட மூச்சு இல்லாமல் முனகினான். நீ கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தாய். உனக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. எனக்கும்தான்.

தலசீமியா. ரத்தத்தில் சிவப்பணு சரியாக உருவாகாத வியாதி. மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து ரத்தம் ஏற்ற வேண்டும். அரியலூரில் காலை ரயிலைப் பிடித்துத் திருச்சிக்குப் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க உட்கார்ந்து, பையன் கன்னத்தில் கொஞ்சம் நிறம் வந்த பிறகு சாயங்கால ரயிலில் திரும்ப வேண்டும். சனிக்கிழமை வந்தால் நானும் வருவேன். பத்து வருடத்தில் எத்தனை முறை போனோம் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. கதிருக்கு ஒவ்வொரு ஸ்டேஷன் பேரும் வரிசையாகத் தெரியும்.

ஒருநாள் லால்குடி தாண்டும்போது உன் மடியில் தூங்கும் அவனைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்: "நாலு கேள்வியில மூணுக்கு எனக்கு வெட தெரியுதுடி. எதனால ஆச்சுன்னா, ரத்தம். யாரால வந்துச்சுன்னா, நாங்க ரெண்டு பேரும். என்ன வடிவம்னா, அந்த மரபணுல எங்கியோ ஒரு எழுத்து தப்பு. நாலாவது மட்டும் சொல்லு. எதுக்காக?"

நீ கேட்டது அழுகை என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் டீச்சர். கேள்வி என்று ஒன்று காதில் விழுந்தால் பதில் சொல்லாமல் இருக்க மாட்டேன். இந்தக் குறை ஒரு பங்கு மட்டும் இருப்பவர்களுக்கு அந்தக் காலத்தில் மலேரியாவிலிருந்து கொஞ்சம் பாதுகாப்பு இருந்திருக்கிறது, அதனால்தான் தலைமுறை தலைமுறையாக அழியாமல் தங்கிவிட்டது, இரண்டு பங்கு சேரும்போதுதான் நோயாகிறது என்று வகுப்பெடுத்தேன். தாடிக்காரரின் நான்காவது கேள்விக்கு இன்றைய உயிரியல் கொடுக்கிற பதில் இதுதான் என்று பெருமை வேறு.

"அப்ப எவனோ ஒருத்தன் காச்சல்ல சாவாம தப்பிச்சதுக்கு எம் புள்ள ஊசி குத்திக்கறானா?"

"அப்புடி யாரும் திட்டம் போடலடி. பொழச்சவங்களோட சேந்து அதுவும் தங்கிடுச்சு."

"யாரும் திட்டம் போடலங்கறதுதான்டி பயமா இருக்கு" என்றாய். மழையின் பக்கம் நின்றவள் அன்று எப்படியாவது ஒரு 'எதற்காக' கிடைக்காதா என்று தவித்தாய். என் கையில் இருந்தது மலேரியாதான்.

அதை விடப் பெரிய பாவம் ஒன்றையும் உன் வீட்டுக்கு வந்து செய்தேன். உனக்கு ரத்தப் பரிசோதனை செய்து, உன்னிடம் ஒரு பங்கு இருப்பது காகிதத்தில் வந்துவிட்டது. உன் வீட்டுக்காரர் பரிசோதனைக்கு வரவில்லை. காட்டு வேலை, கரண்டு வரும் நேரம், இன்னும் என்னென்னவோ. அத்தைக்கு விளக்கிச் சொல்லி அவரை அனுப்பி வைக்கச் சொல் என்று நீதான் என்னை விக்கிரமங்கலத்துக்குக் கூப்பிட்டாய். அத்தை கடலை உடைத்துக்கொண்டிருந்தார். நான் நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கம் வரைந்தேன். உன் வட்டம். ஒரு பங்குக்கு அடையாளமாகப் பாதிக்கு மை பூசினேன். இரட்டைக் கோடு. அவருடைய சதுரம். அதைக் காலியாக விட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

ஏன் காலியாக விட்டேன்? பரிசோதிக்காத ஆளுக்கு மை பூசக் கூடாது, கேள்விக்குறிதான் போட வேண்டும் என்பது நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் விதி. பிள்ளைக்கு நோய் இருக்கிறது என்றால் அப்பாவிடமும் ஒரு பங்கு இருந்தே தீர வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புப் பையன் சொல்வான். கதிரின் சதுரத்தை முழுக்க மை பூசிவிட்டு, 'இப்போது பாருங்கள், இது எங்கிருந்து வந்தது?' என்று கேட்டு, கடைசியில் அத்தை வாயாலேயே வரவழைக்கலாம் என்று நினைத்தேன். வகுப்பில் கைதட்டல் வாங்கும் உத்தி அது. கதிருக்கு மை பூசுவதற்குள் அத்தை தாளை என் கையிலிருந்து வாங்கிவிட்டார். பாதி கறுத்த வட்டமும் வெள்ளையான சதுரமும் அவர் கண்ணில் பட்டன.

"அதான் டீச்சரே போட்டுக் காட்டிடுச்சே. எம் புள்ள மேல ஒண்ணும் இல்ல. நெலம் சரியில்லன்னா வெத என்னா பண்ணும்?"

நான் பதறிப்போய் எவ்வளவோ சொன்னேன். கேள்விக்குறியைக் காட்டினேன். அத்தை காதில் ஏறவில்லை. அந்தத் தாள் அவர் முந்தானை முடிச்சில் இருந்தது, வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் பிரித்துக் காட்டப்பட்டது. உன் அம்மா அவர் புருஷனின் கூடப்பிறந்த தங்கை. எந்த ரத்தத்தைக் குறை சொன்னாரோ அதே ரத்தம்தான் அவர் பிள்ளை உடம்பிலும் ஓடுகிறது என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. உன் வீட்டுக்காரர் கடைசி வரை பரிசோதனைக்குப் போகவில்லை.

அன்று என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தபோது நீ சிரித்தாய். "தாடிக்காரரும் எங்க அத்தையும் ஒரே கட்சிடி" என்றாய். உண்மைதான். முட்டையை அவ்வளவு பொறுமையாகப் பார்த்த மனுஷன், பிள்ளை உண்டாவதில் அம்மா கொடுப்பது வெறும் பொருள், வடிவத்தைக் கொடுப்பது அப்பாதான் என்று எழுதி வைத்திருக்கிறார். பிள்ளையிடம் குறை என்றால் பொருள் சரியாக மசியவில்லை என்று அர்த்தம். கண்ணால் பார்க்க முடிந்த இடத்தில் அவர் தவறவில்லை, பார்க்க முடியாத இடத்தில் ஊரில் எல்லோரும் நினைப்பதையே அவரும் நினைத்துவிட்டார். அவரை நான் மன்னித்துவிடுவேன், அவருக்கு மைக்ராஸ்கோப் இல்லை. எனக்கு எல்லாம் தெரியும். அந்தச் சதுரத்தில் பாதிக்கு மை பூச எனக்கு ஒரு நொடி ஆகியிருக்காது.

கதிர் பதினோரு வயதில் போனான். ஏற்றிய ரத்தத்தில் இருந்த இரும்பே நெஞ்சில் படிந்து அதை நிறுத்திவிட்டது. இழவுக்கு வந்தவர்கள் முன்னால் அத்தை அந்தத் தாளைப் பற்றிப் பேசினார். நீ தலை நிமிரவே இல்லை.

அதற்குப் பிறகு நான்கு வருடம் இருந்தாய். உனக்குச் சர்க்கரை இருந்தது, மாத்திரை எடுத்தாயா இல்லையா என்று கேட்க ஆள் இல்லை. நான் போனில் கேட்டால் "திங்கறன் திங்கறன்" என்பாய். சோளக் காட்டில் கருவேல முள் காலில் குத்தியதைப் பத்து நாள் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தாய். திருச்சிக்குக் கொண்டுபோனபோது விஷம் உடம்பு முழுக்கப் பரவிவிட்டது. எதனால் செத்தாய் என்று கேட்டால் டாக்டர் சர்க்கரை என்றார். உன் வீட்டுக்காரர் முள் என்றார். உன் அண்ணன், பிள்ளை போன ஏக்கம் என்றார். மூன்றும் சரி. நான்காவது காரணம் ஒரு நாட்காட்டித் தாள். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எத்தனை காரணத்தை வரிசையாக அடுக்கினாலும் நீ எழுந்து வரப்போவதில்லை.

கடைசியாகப் பார்த்தபோது உனக்கு நல்ல நினைவு இருந்தது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய், கை கொதித்தது. "அபிகிட்ட எதையும் சொல்லாத. சொன்னன்னா ஒரு பய அவளக் கட்ட மாட்டான். எம் பொண்ணுக்கும் பாதி வட்டம் போட்டுக் குடுத்துடாதடி" என்றாய். வெளியில் கட்டிக்கொடுத்தால் இரண்டு பங்கு சேரும் வாய்ப்பு குறைவு, அப்படிச் செய்ய உன் வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னாய். சத்தியம் செய்யச் சொன்னாய், மாதா மேல் செய்தேன். மறுநாள் நீ இல்லை.

ஐந்து வருடம் காப்பாற்றினேன். சென்ற ஆடியில் அபி ஒரு பையில் புடவையோடு என் வீட்டுக்கு வந்தாள். அவள் அரியலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறாள், வாரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். உன் பல் வரிசை, உன் நடை. "சித்தி, ஆவணியில பரிசம்" என்றாள். மாப்பிள்ளை யார் தெரியுமா? உன் அண்ணன் மகன். அம்மா இல்லாத பெண்ணை வெளியில் விட மாட்டேன், எனக்கு உரிமை இருக்கிறது என்று உன் அண்ணன் அரும்பாவூரிலிருந்து தட்டோடு வந்துவிட்டார். உன் வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. அபிக்கும் பிடித்திருந்தது. அவன் நல்ல பையன்.

அவள் புடவையைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் மனதுக்குள் வட்டமும் சதுரமும் போட்டுக்கொண்டிருந்தேன். உன் பெண்ணிடம் ஒரு பங்கு இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. உன் அண்ணனிடம் இருக்கலாம், அவர் மூலம் பையனிடமும் இருக்கலாம். இல்லாமலும் போகலாம். பேசாமல் இருந்து ஒன்றும் ஆகாமல் போனால் நான் தப்பித்தேன். ஆகிவிட்டால் இன்னொரு கதிர், இன்னும் பத்து வருட ரயில். நீ கேட்ட சத்தியம் வெளியில் கட்டிக்கொடுக்கப்போவதை நம்பித்தானே என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன். நீ உயிரோடு இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? உன்னைக் கேட்டேன், மாதா முன்னால் உட்கார்ந்து நாள் கணக்கில் கேட்டேன்.

நான்காவது நாள் அவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கதிருக்கு ரத்தம் குறைவு, அதற்கு அத்தை உன்னைக் குறை சொல்வார் என்பது வரைதான் அவளுக்குத் தெரிந்திருந்தது. மறுநாளே வந்து ரத்தம் கொடுத்தாள். ரிப்போர்ட் வந்தது. அவளிடம் இருக்கிறது. ஒரு பங்குதான், அவளுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை, பையனும் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும், அவனிடம் இல்லை என்றால் தாராளமாகக் கட்டிக்கொள், இருந்தாலும் வயிற்றிலேயே பிள்ளையைப் பரிசோதிக்க வழி இருக்கிறது என்று படித்துப் படித்துச் சொன்னேன். இந்த முறை படம் போடவில்லை. நானே அவளோடு அரும்பாவூருக்கும் போனேன்.

உன் அண்ணன் காப்பி கொடுத்து உட்கார வைத்தார். கேட்டு முடித்ததும், "எம் பையன் கல்லாட்டம் இருக்கான். அவனுக்கு என்னாத்துக்கு டெஸ்ட்டு?" என்றார். பையன் மொபைலைப் பார்த்தபடி நின்றான், அப்பா முகத்தைப் பார்த்தான், உள்ளே போய்விட்டான். இரண்டு நாளில் பரிசம் நின்றது. ஆவணியில் அந்தப் பையனுக்கு வேறு பெண், அதுவும் சொந்தத்தில்தான். அபி பேரில் விக்கிரமங்கலம் முழுக்கச் செய்தி ஓடிவிட்டது. நீ எதற்குப் பயந்தாயோ அது வார்த்தை மாறாமல் நடந்தது, நடத்தியது நான்.

பரிசம் நின்ற அன்று அபி வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ரிப்போர்ட்டை மேசை மேல் வைத்தாள்.

"சித்தி, அம்மா கல்யாணத்துக்கு முன்னாடியே உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"தெரியும்."

"அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"ஏன் சொல்லல?"

அந்த ஒரு சொல்லுக்கு நான்கு விதமாகப் பதில் சொல்லப் படித்தவள் நான். மேசை மேலிருந்த ரிப்போர்ட்டின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தேன். அவள் பிறகு தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொன்னாள்: "சொல்லியிருந்தா அம்மா வேற யாரையாச்சும் கட்டியிருக்கும். தம்பி இருந்திருக்க மாட்டான். நானும் இருந்திருக்க மாட்டேன்ல, சித்தி?"

ரிப்போர்ட்டை எடுத்துக்கொள் என்றேன். "வேணாம். வூட்டுல வச்சா ஊருக்கே காட்டுவாங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு போனை எடுப்பதில்லை. கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய்ப் பார்த்தேன். என்னைக் கண்டதும் உள் அறைக்குப் போய்விட்டாள்.

அவள் கேட்டதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் வாய் மூடியிருந்ததால் கதிர் வந்தான், துன்பப்பட்டான், நீயும் போனாய். அதே வாய் மூடியிருந்ததால்தான் அபியும் வந்தாள். எதை நினைத்து வருந்துவது என்றே தெரியவில்லை. அன்று பேசியிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் உன் பெண் இல்லாமல் போக வேண்டும் என்று ஆசைப்படுகிற மாதிரி ஆகிறது. பேசாதது சரி என்றால் கதிரின் பத்து வருடமும் சரி என்றாகிறது. யாராவது வந்து 'நீ இந்த இடத்தில் தப்பு செய்தாய்' என்று ஒரே ஒரு இடத்தைக் காட்டினால் காலில் விழுந்துவிடுவேன்.

இந்தத் தடவை யாருக்காகப் பேசினேன் என்று கேட்டால் மட்டும் பதில் இருக்கிறது. அபிக்காக என்று கூடச் சொல்ல மாட்டேன். அவளுக்குப் பிறக்க வேண்டிய ஒரு பிள்ளைக்காக. அது இன்னும் இல்லை. பேர் இல்லை, முகம் இல்லை, பிறக்குமா என்பதும் தெரியாது. அதற்காக உன் சத்தியத்தை உடைத்தேன், உன் பெண்ணின் கல்யாணத்தை நிறுத்தினேன், அவளையும் இழந்தேன்.

அபியின் ரிப்போர்ட் இப்போது என் கைப்பையில் இருக்கிறது. பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். பள்ளிக்கு, கோயிலுக்கு, மளிகைக் கடைக்கு, எங்கே போனாலும் கூடவே வருகிறது. இன்னொரு இடம் அமைந்து, நல்லவன் ஒருவன் வந்து, என்றைக்காவது அவளுக்கு அது வேண்டியிருக்கும். அவள் கூப்பிடும்போது வீட்டில் வைத்துவிட்டேன், தேடித் தருகிறேன் என்று நான் சொல்லக் கூடாது. போன் அடிக்கும் ஒவ்வொரு முறையும் பையைத் திறந்து அது இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன். அதற்குப் பிறகுதான் யார் என்று பார்க்கிறேன். இதுவரை அவள் இல்லை.